ஆம்பூர் ஷூவை நமக்காகச் சோதிப்பது யார்? ரிவ்யூ, லிங்க், கமிஷன்... ஒரு கணக்கு

ஆபீஸுக்குப் போட ஒரு லெதர் ஷூ வேண்டும். பட்ஜெட் 3,000 ரூபாய். என்ன செய்வீர்கள்? கடைக்குப் போவதற்கு முன் போனை எடுப்பீர்கள். ‘3,000 ரூபாய்க்குள் பெஸ்ட் லெதர் ஷூ’ என்று தேடுவீர்கள். ஐந்து ஷூக்கள் வரிசையாக வரும். ஒருவர் பெட்டியைப் பிரிப்பார், வளைத்துக் காட்டுவார், முகர்ந்து பார்ப்பார். கடைசியில் அந்த வரி வரும்: “லிங்க் கீழ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, வேணும்னா செக் பண்ணிக்கோங்க.”

அந்த லிங்க்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதைச் சொல்பவர் நல்லவரா கெட்டவரா என்பது அல்ல. அவருக்குப் பணம் எதற்குக் கிடைக்கிறது, எப்போது கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. அதைப் புரிந்துகொண்டால், ரிவ்யூ ஏன் இப்படி இருக்கிறது என்பது தானாகவே புரிந்துவிடும்.

லிங்க் எப்படி வேலை செய்கிறது?

பரிந்துரைப்பவர் தரும் லிங்க்கில் அவருக்கென ஓர் அடையாளக் குறியீடு ஒட்டியிருக்கும். நீங்கள் அதைத் தட்டி உள்ளே போனதும், ‘இவரை அனுப்பியது இன்னார்’ என்று விற்பனைத் தளம் குறித்துக்கொள்ளும். அமேசானில் அந்தக் குறிப்பு பொதுவாக 24 மணி நேரம் உயிரோடு இருக்கும். அதற்குள் நீங்கள் வாங்கினால் அனுப்பியவருக்கு ஒரு பங்கு. ஷூவைப் பார்க்கப் போய் குக்கர் வாங்கினாலும், அந்தக் குக்கருக்கும் அவருக்குக் கமிஷன் உண்டு. இதற்குப் பெயர் அஃபிலியேட் வருமானம். அமேசான் இதை 1996-லேயே தொடங்கிவிட்டது. இன்று கிட்டத்தட்ட எல்லா பெரிய விற்பனைத் தளங்களிலும் இது இருக்கிறது.

இரண்டு விஷயங்களை இங்கே கவனிக்க வேண்டும். ஒன்று, எந்த வகைப் பொருளுக்கு எவ்வளவு சதவீதம் என்பதைத் தளம்தான் முடிவு செய்கிறது. வகைக்கு வகை அது மாறும், திடீரென்றும் மாறும். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் பல வகைகளுக்கான கமிஷனைக் குறைத்தது. வீட்டு ஃபர்னிச்சருக்கு 8 சதவீதமாக இருந்தது 3 சதவீதமானது. இரண்டு, நீங்கள் பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் அந்தக் கமிஷன் ரத்து.

“எனக்கு என்ன நஷ்டம்? லிங்க் வழியா போனாலும் அதே விலைதானே?” என்று கேட்கலாம். உங்கள் ஒரு பில்லை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால், தளம் அந்தக் கமிஷனைத் தன் வருமானத்திலிருந்து தருகிறது. அந்த வருமானத்தில் பெரும் பங்கு விற்பவரிடம் வாங்கும் கட்டணம். விற்பவர் அந்தக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார். லிங்க்கைத் தொடாமல் வாங்குபவரும் அதில் ஒரு பங்கைத் தருகிறார். அதனால், ரிவ்யூ இலவசம் இல்லை. நாம் எல்லோரும் சேர்ந்து கட்டும் சந்தா அது. கட்டுகிறோம் என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

ஒரே ஊர், இரண்டு ஷூ

இப்போது ஆம்பூருக்குப் போவோம். பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். மேல்விஷாரம், ராணிப்பேட்டை மாவட்டம். பேரணாம்பட்டு வேலூரிலேயே இருக்கிறது. மாவட்டப் பெயர் மாறினாலும் பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களை இன்னும் ஒரே தொழில்தான் இணைக்கிறது. தோல் பதனிடுவது, ஷூ தைப்பது. உலகின் பெரிய பிராண்டுகள் பலவற்றின் ஷூ இங்கேதான் தயாராகிறது. தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னரில் ஏறுவதற்கு முன் அதை ஒருவர் பார்ப்பார். தொழிற்சாலையின் சொந்தத் தரக்கட்டுப்பாட்டு ஆட்கள் பார்ப்பது தனி. இவர் வாங்கும் கம்பெனி அனுப்பிய ஆள், அல்லது வாங்கும் கம்பெனி நியமித்த பரிசோதனை நிறுவனத்தின் ஆள். ஒரு லாட்டிலிருந்து தனக்குப் பிடித்த பெட்டிகளைத் தானே உருவுவார். இடது வலது நிறம் ஒத்துப்போகிறதா, தையல் நேராக இருக்கிறதா, சோல் ஒட்டிய இடத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார். மாதிரிகள் ஆய்வகத்துக்கும் போகும். அங்கே ஷூவின் மேல்தோலை ஆயிரக்கணக்கான முறை மடக்கி விரிசல் விழுகிறதா என்று பார்ப்பார்கள். சோலைப் பிடித்து இழுத்து எவ்வளவு விசையில் பிரிகிறது என்று அளப்பார்கள். ஈரத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் குறை தெரிந்தால் முழு லாட்டும் நிற்கும்.

அந்தப் பரிசோதகருக்குச் சம்பளம் தருவது யார்? வாங்குபவர். ‘சரக்கு சரியில்லை’ என்று சொன்னால் அவர் வேலை போகாது. அதைச் சொல்லத்தான் அவருக்குச் சம்பளமே.

இப்போது அதே வட்டாரத்தில் தயாராகி உங்கள் வீட்டுக்கு வரும் ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உங்களுக்காகச் சோதித்தவர் யார்? அந்த ரிவ்யூவர். அவருக்குப் பணம் எப்போது வருகிறது? நீங்கள் வாங்கும்போது. ‘வாங்காதீங்க’ என்று சொன்னால் அவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

என் வாதம் இவ்வளவுதான். லண்டனில் ஷூ வாங்குபவருக்காக வேலை செய்யும் பரிசோதகர் ஆம்பூரில் இருக்கிறார். வேலூரில் ஷூ வாங்கும் நமக்கு இருப்பது, விற்பனை நடந்தால் மட்டும் சம்பளம் பெறும் பரிசோதகர். ஆள் நேர்மையானவராகவே இருக்கலாம். சம்பள ஏற்பாடு நம் பக்கம் இல்லை.

லைட்டர் டெஸ்ட் எதைக் காட்டுகிறது?

ஏற்பாடு இப்படி இருந்தால் சோதனையும் அதற்கேற்றபடிதான் இருக்கும். வீடியோவில் நன்றாகத் தெரிவது எதுவோ அதுவே சோதனையாகிவிடும். லைட்டரைப் பற்றவைத்து, “பாருங்க, உருகல, இது ஒரிஜினல் லெதர்” என்று காட்டுவது அதில் பிரபலம். பச்சைத் தோல் கருகும், முடி எரிந்த வாடை வரும், பிளாஸ்டிக் உருகும் என்பது உண்மைதான். ஆனால் கடைக்கு வரும் தோல் பெரும்பாலும் பச்சைத் தோல் அல்ல. அதன்மேல் ஃபினிஷ் பூச்சு இருக்கும்.

ஒரு தோலைக் கிடைவாக்கில் இரண்டாகப் பிளந்தால் மேல் அடுக்கு உறுதியானது. அடி அடுக்கு, அதாவது ஸ்பிளிட், நார்நாராக இருக்கும், விலையும் குறைவு. அந்த ஸ்பிளிட்டின்மேல் பாலியூரித்தேன் படலத்தை ஒட்டி, தோல் வரிகளை அச்சடித்தால் பார்வைக்கு மேல் அடுக்குபோலவே இருக்கும். அதுவும் தோல்தான். பெட்டியில் ‘ஜெனுயின் லெதர்’ என்று போட்டாலும் பொய் ஆகாது. தோல் தூளைப் பசையால் சேர்த்துச் செய்யும் பாண்டட் லெதர் இன்னொரு வகை. ‘லெதர்’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை தரம் இருக்கிறது. ஒரே தோலிலேயே முதுகுப் பகுதி அடர்த்தியானது, வயிற்றுப் பகுதி தளர்வானது. ஷூவின் முன்பக்கத்தை எங்கிருந்து வெட்டினார்கள் என்பதைப் பொறுத்து அதன் ஆயுளே மாறும்.

பதனிடும் இடங்களில் இதைத் தரம் பிரிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, ஆறிய புண்ணின் தழும்பு என்று ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்குவார்கள். பல வருஷப் பழக்கம் வேண்டும் இதற்கு. பத்து நிமிஷ வீடியோவில் பெட்டியைப் பிரிப்பவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால், ‘இதை நான் சோதிக்கவில்லை, எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்வதை எதிர்பார்ப்பதில் தவறில்லை. அந்த வரி லிங்க்கைத் தட்டவைக்காது என்பதால்தான் அது வருவதே இல்லை.

ரிட்டர்ன் தேதியோடு முடியும் அக்கறை

ஷூவின் உண்மை முதல் நாளில் தெரியாது. முன்பக்கம் மடங்கும் இடத்தில் விரிசல் விழுவது சில மாதங்கள் கழித்து. மழையில் நனைந்து காய்ந்த பிறகுதான் ஒட்டிய சோல் வாய் திறக்கும். பாலியூரித்தேன் சோலுக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். போடாமல் அலமாரியில் வைத்த ஷூகூட சில வருஷங்களில் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். நம் ஊர் ஈரப்பதத்தில் இது நன்றாகவே நடக்கும்.

ரிவ்யூவின் காலண்டரோ வேறு. புது மாடல் வந்த வாரத்தில் வீடியோ வர வேண்டும். தள்ளுபடித் திருவிழா தொடங்கும் முந்தின நாள் பட்டியல் வர வேண்டும். ரிட்டர்ன் காலம் முடிந்து கமிஷன் உறுதியானதும் அந்தக் கணக்கு முடிந்தது. நாலாவது மாதம் சோல் பிரிந்தால் ரிவ்யூவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. ‘ஆறு மாசம் கழிச்சு இந்த ஷூ எப்படி இருக்கு?’ என்ற வீடியோ ஏன் அபூர்வமாக இருக்கிறது? அதற்குள் அந்த மாடலே விற்பனையில் இருக்காது. மாடல் இல்லையென்றால் லிங்க் இல்லை. லிங்க் இல்லையென்றால் வருமானம் இல்லை.

லிங்க் இல்லாதவர்கள் எங்கே?

பொய்யான பாராட்டைக்கூட உஷாரானவர் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்கவே முடியாதது, பட்டியலில் இடம்பெறாத பொருள். ஆம்பூரில் நாலு பேரை வைத்துச் செருப்பு தைத்து விற்பவருக்கு அஃபிலியேட் லிங்க் கிடையாது. இருபது ஜோடியை இலவசமாக அனுப்பிவைக்க அவரால் முடியாது. அவர் சரக்கு நல்லதோ கெட்டதோ, ‘டாப் 5’ல் வராது. நம் பார்வையில் அவர் இல்லவே இல்லை. அதேபோல, “புதுசு வேண்டாம், பழைய ஷூவுக்கு சோல் மாத்துங்க, இன்னும் ரெண்டு வருஷம் வரும்” என்ற யோசனையையும் யாரும் சொல்வதில்லை. செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் அனுப்பினால் கமிஷன் தர ஆள் இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, ஏற்றுமதியை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று இந்த ஊர்கள் பார்த்தன. உள்நாட்டுச் சந்தை வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அந்தச் சந்தையின் வாசலில் இன்று நிற்பது போன் திரை. தரத்துக்கு முன்னால் கமிஷன் சதவீதம் உள்ளே போகிறது என்றால், நல்ல ஷூ தைக்கத் தெரிந்தவருக்கு நல்ல ஷூ தைப்பதில் என்ன லாபம்?

‘ஆம்பூர் ஃபேக்டரி ரேட்ல ஷூ’ ரீல்ஸ்கள் ஊர்க் கடைகளைக் காட்டுகின்றனவே என்று கேட்கலாம். காட்டுகின்றன, சரி. ஆனால் அதற்கும் கடைக்காரர் பணம் கொடுத்திருந்தால், அது விளம்பரம். ‘எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்’ என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நிற வித்தியாசம், தோலில் சின்னத் தழும்பு, ஆர்டருக்கு மேல் தைத்தது எனக் காரணங்கள் பல இருக்கலாம். சோல் ஒட்டாமல் போனதும் ரிஜெக்ட்தான். எந்தக் காரணத்தால் கழிக்கப்பட்டது என்று கேட்காத வீடியோ, விலையை மட்டும்தான் ரிவ்யூ செய்கிறது.

தரகர் தப்பில்லை

கமிஷன் வாங்குவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. தோல் வியாபாரத்தில் தரகு பழைய விஷயம். சென்னை பெரியமேட்டுத் தோல் சந்தையிலும் தரகர்கள் உண்டு. யாரும் அவர்களை ஏமாற்றுக்காரர்களாகப் பார்ப்பதில்லை. ஏனென்றால், வந்திருப்பவர் தரகர் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, தோலைத் தங்கள் கையால் தடவிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். தரகர் நண்பன் வேஷத்தில் வரும்போதுதான் சிக்கல்.

அஃபிலியேட் பணத்தில் நல்ல ரிவ்யூ எழுத முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய வயர்கட்டர் தளம், பொருள்களை நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்து எழுதியே பெயர் வாங்கியது. 2016-ல் நியூயார்க் டைம்ஸ் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. அதே 2016-ல் இன்னொரு கதையும் நடந்தது. காஸ்பர் என்ற அமெரிக்க மெத்தை நிறுவனம், மூன்று மெத்தை ரிவ்யூ தளங்கள்மேல் வழக்குத் தொடுத்தது. கமிஷன் உறவைச் சரியாகச் சொல்லாமல் போட்டி மெத்தைகளைப் பரிந்துரைக்கிறார்கள் என்பது புகார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு, அந்தத் தளங்களில் ஒன்றான ஸ்லீப்போபோலிஸை வேறொரு நிறுவனம் வாங்கியது. வாங்குவதற்குப் பண உதவி செய்தது காஸ்பர். எந்த மெத்தை நல்லது என்ற கேள்வி, தளம் யார் கையில் என்ற கேள்வியாக மாறிப்போனது.

செய்தித் தளங்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. ‘இந்த வாரத் தள்ளுபடியில் வாங்க வேண்டியவை’ பட்டியலைச் செய்திக்குப் பக்கத்திலேயே போடும் தளங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவற்றிடமும் இதே கேள்வியைக் கேட்க வாசகருக்கு முழு உரிமை உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள பண உறவை வெளிப்படுத்தச் சொல்கின்றன. 2023 ஜனவரி 20-ல் இன்ஃப்ளூயன்சர்களுக்கென்றே தனி விளக்கக் குறிப்பும் வந்தது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம் எல்லாமே ‘உறவு’தான். பரிந்துரை எந்த மொழியிலோ, அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். வீடியோ என்றால் எழுத்தில் மட்டும் போட்டால் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம்.

இதை வைத்துப் பாருங்கள். பத்து நிமிஷம் தமிழில் பேசிவிட்டு, டிஸ்கிரிப்ஷனின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி போடுவது விதியின் நோக்கத்துக்கே எதிரானது. வருமான வரித் துறை இதில் தெளிவாகவே இருக்கிறது. 2022 ஜூலை முதல், ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை இன்ஃப்ளூயன்சர் தானே வைத்துக்கொண்டால் அதற்கு 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை. வரித் துறைக்கு வருமானமாகத் தெரிவது, பார்வையாளருக்கு மட்டும் ‘ஹானஸ்ட் ரிவ்யூ’வாகத் தெரியலாமா?

தளங்களில் வரும் வாடிக்கையாளர் ரிவ்யூக்களுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தர விதியைக் கொண்டுவந்தது. ஆனால் அதைத் தளங்கள் விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் கொண்டுவந்தார்கள்.

அறிவிப்பு மட்டும் போதாது

‘இது விளம்பரம்’ என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ‘கமிஷன் வாங்குகிறேன்’ என்று நூறு முறை சொன்னாலும், பட்டியலில் இல்லாத ஆம்பூர்ச் செருப்பு பட்டியலுக்குள் வந்துவிடாது. நாலாவது மாத விரிசல் முதல் நாளில் தெரியாது. அதனால் ரிவ்யூ பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளைக் காசு கொடுத்து வாங்கியது யார்? எத்தனை நாள் பயன்படுத்தினார்? லிங்க் இல்லாத பொருள் ஒன்றையாவது சொன்னாரா? எதையாவது ‘வாங்காதீங்க’ என்றாரா? நான்குக்கும் பதில் இல்லை என்றால், அதை விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்திலும் தகவல் இருக்கும், தீர்ப்பு இருக்காது. ஏமாந்ததாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

ஆனால், ஒவ்வொரு ஷூவுக்கும் நாமே துப்பறிய முடியாது. அதனால் இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது. ஜெர்மனியில் 1964-ல் அரசு தொடங்கிய ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்ற அமைப்பு, எந்தக் கடைக்காரருக்கும் தெரியாமல் பொருளைக் காசு கொடுத்து வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து முடிவை வெளியிடுகிறது. அதன் இதழில் விளம்பரம் கிடையாது. நமக்கு இது எட்டாத கனவா? தோலைச் சோதிக்கத் தெரிந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் சென்னை அடையாறில் இருக்கிறது. தமிழ்நாடு அரசிடம் நுகர்வோர் பாதுகாப்பையும் கவனிக்கும் ஒரு துறை இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, ஆண்டுக்கு இருபது ஷூக்களைக் கடையில் வாங்கி, மடக்கி, இழுத்து, நனைத்துப் பார்த்து, முடிவைத் தமிழில் போடலாம். பெரிய பிராண்டோடு ஆம்பூர்ச் சிறு பட்டறையின் ஷூவும் அதே மேஜையில் இருக்கட்டும். யாருடையது தாங்குகிறது என்று பார்த்துவிடலாம்.

வெளிநாட்டுக்காரர் தன் ஷூவைச் சோதிக்க ஆள் வைத்து, அந்த ஆளுக்குத் தானே சம்பளம் தருகிறார். நம் சார்பில் பார்க்கவும், நம் வரிப்பணத்திலேயே ஓர் ஆளை வைக்கச் சொல்லிக் கேட்போம்.